நிலம் முதலில், விலங்கு பிறகு

கோடை விடுமுறை தொடங்கியதும், மைசூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நீலகிரியை நோக்கி ஏறுகின்ற சாலைகளில், கழுத்திலே காமிராவும் கையிலே செல்பேசியுமாகக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பிரயாணம் செய்கிறவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே வருகிறது. 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி முதல் அந்த மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே வரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்த அளவுக்கு அந்தப் பெருக்கம் முற்றியிருக்கிறது. இவர்களிலே பலருக்கு மலையைப் பார்ப்பதைக் காட்டிலும் அதைப் படமாக்கிக்கொண்டு போவதிலேதான் ஆசை அதிகம் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் எனக்குச் சம்மதம் இல்லை. தான் கண்ட சௌந்தரியத்தை மற்றொருவருக்கும் காட்ட வேண்டும் என்ற விருப்பம் மனித சுபாவத்தின் மேலான அம்சங்களுள் ஒன்று. முன்னே சித்திரக்காரனுக்கும் கவிக்கும் மட்டுமே வாய்த்திருந்த அந்தப் பாக்கியத்தைக் காமிரா எல்லாருக்கும் பொதுவாக்கியது. என் வாதம் வேறு. காட்டுச் சாலையிலே போகிறவர் விலங்கைத் தேடிக்கொண்டு போகிறார். விலங்கு நிற்கின்ற நிலத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த வரிசை மாற வேண்டும் என்பதும், நிலத்தைப் படமெடுக்கக் கற்றுக்கொண்டவரே விலங்கைப் படமெடுக்கத் தகுதி பெறுகிறார் என்பதும், அப்படி மாறினால் கலைக்கும் நன்மை, காட்டுக்கும் நன்மை என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இந்த வரிசை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் அகப்பொருளை வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. விலங்கும் பறவையும் மரமும் உணவும் தொழிலும் அதன்பின் கருப்பொருளாக வந்தன. யானை குறிஞ்சியில் இருக்கிறது என்றால், மலைச்சாரலும் மூங்கிலும் கூதிர்காலமும் யாமமும் அந்த யானையோடு கூடவே இருக்கின்றன. நிலமும் பொழுதும் இல்லாத வெறும் யானை அந்த இலக்கண மரபிலே இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கியதும், தலைவி நடமாடுகின்ற மலையை முதலில் நம் கண்முன் நிறுத்தும் காரியம் என்றே நான் எண்ணுகிறேன். நிலம், பொழுது என்ற இந்த இரண்டையும் விட்டால் புகைப்படக் கலையிலே வேறு என்ன மூலப்பொருள் இருக்கிறது? எந்த இடத்தில் நிற்கிறோம், எந்த வேளை வெளிச்சம் விழுகிறது என்ற இரண்டையும் சரியாக நிச்சயித்துக்கொண்டவனுக்கு மற்றவை தாமே அமைகின்றன.

குண்டலுப்பேட்டையிலிருந்து பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி வழியாக உதகைக்கு ஏறும் சாலையைக் காட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் தென்னாட்டிலே கிடைப்பது அரிது. குண்டலுப்பேட்டைச் சுற்றுப்புறத்திலே ஆடி ஆவணியில் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடக்கும். சில மைல் தொலைவுக்குள் வயல் முடிந்து, தேக்கும் மருதும் வெக்காலியும் கலந்த இலையுதிர் காடு தொடங்குகிறது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டபோது முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது இடங்களுள் ஒன்று இந்தப் பந்திப்பூர். மாசி பங்குனியில் இந்தக் காடு இலையெல்லாம் உதிர்த்து, சாம்பல் நிறக் கிளைகளின் பின்னலாக நிற்க, நடுநடுவே புரசு மரம் மாத்திரம் செந்நிறப் பூக்களைச் சுமந்துகொண்டிருக்கும். மழை தொடங்கிய பிறகு அதே இடத்திற்கு வருகிறவனுக்கு, இது முன் பார்த்த காடுதானா என்ற ஐயமே எழும். அவ்வளவு தூரம் பச்சை அடர்ந்து, பத்தடிக்கு அப்பால் நிற்பதும் மறைந்துவிடும். கோடையிலே யானையும் காட்டெருமையும் கண்ணுக்குத் தெரிவதற்கும் மழையிலே தெரியாததற்கும் காரணம் இதுதான். விலங்கு எங்கேயும் போய்விடவில்லை, நிலம் தன் திரையை இறக்கியிருக்கிறது, அவ்வளவே.

கக்கநல்லாவைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் வந்தால் முதுமலை. 1940-ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2007-இல் புலிகள் காப்பகமான காடு இது. தெப்பக்காட்டிலே மோயாறு ஓடுகிறது. அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. வலப்புறம் கூடலூருக்குப் போகிறவன் ஈரத்தை நோக்கிப் போகிறான். தென்மேற்குப் பருவக்காற்று மலையிலே மோதி மழையைக் கொட்டுகின்ற பக்கம் அது. இடப்புறம் மசினகுடிக்குப் போகிறவனோ, அதே மலையின் மழைநிழலுக்குள் நுழைகிறான். ஏழு கிலோமீட்டர் போவதற்குள்ளாகவே உயர்ந்த மரங்கள் குட்டையாகி, வேலமும் இலந்தையும் முட்புதர்களுமாக நிலம் வறண்டு, தெற்கே நீலகிரியின் முழு உருவமும் சுவர்போல எழுந்து நிற்பதைக் காண்கிறான். ஒரே மலை, ஒரே காற்று. ஒருபுறம் மழைக்காடு, மறுபுறம் முட்காடு. இந்த மாறுதலைப் படத்திலே பிடித்துக் காட்டியவர்கள் மிகச் சிலரே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மசினகுடியிலிருந்து மலைச் சுவரைப் பார்க்கிறவன் தெற்கு நோக்கி நிற்கிறான் என்பதைப் படமெடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். மார்கழி தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறபடியால், நடுப்பகலில் அந்தச் சுவர் முழுவதும் நிழலிலே ஆழ்ந்து கரிய பாறைபோலத் தட்டையாகத் தோன்றும். விடியற்காலையிலோ கிழக்கிலிருந்து பக்கவாட்டாக வரும் வெளிச்சம் ஒவ்வொரு மடிப்பையும் ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் தனித்தனியே எடுத்துக் காட்டும். இதை அறிந்தவன் எந்த விலங்கையும் துரத்த வேண்டியதில்லை. வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால் போதும். அந்தக் காத்திருப்பின் நடுவே புள்ளிமான் கூட்டம் ஒன்று புல்வெளியைக் கடந்து போகுமானால், மலையும் காலையும் மானும் ஒன்றாகவே படத்திற்குள் வந்து சேர்கின்றன. இங்கிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளிலே ஏறக்குறைய 1,000 மீட்டரிலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து, முட்காட்டை விட்டுச் சோலையும் புல்வெளியுமான குளிர்நாட்டுக்கு வந்துவிடுகிறோம். அரைநாள் பிரயாணத்திலே இத்தனை நிலவகைகளைக் காட்டுகின்ற சாலைகள் உலகத்திலேயே அதிகம் இரா. 1986-இல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி வட்டாரம் அறிவிக்கப்பட்டதற்கு இந்த வேறுபாட்டுச் செல்வமே தலையாய காரணம்.

இத்தகைய நிலத்தின் நடுவே நின்றுகொண்டு நம்மவர் எடுக்கின்ற படம் எது என்று பார்த்தால், யானையின் முகம், புலியின் முகம், மயிலின் கழுத்து. பணமுள்ளவர் 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குகிறார். இல்லாதவர் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு அருகே போகிறார். இருவர் மனத்திலும் இருக்கின்ற லட்சியம் ஒன்றே. சாதாரணமான 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 46 பாகை அகலத்துக்கு உலகத்தைத் தன்னுள் ஏற்கிறது. 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஏற்பது ஏறக்குறைய 4 பாகை. பின்புறம் முழுவதும் வெண்ணெய்போலக் கரைந்து நிறம் மாத்திரமாக நிற்கிறது. அந்த விலங்கு முதுமலையில் நின்றதா, மிருகக்காட்சிசாலையில் நின்றதா, கோடையா, மழைக்காலமா, தின்றுகொண்டிருந்ததா, ஓடிவந்து நின்றதா என்ற ஒன்றும் படத்திலே இல்லை. நீண்ட லென்ஸை நான் வெறுக்கவில்லை. விலங்குக்கு வெகுதொலைவிலே நிற்க வகைசெய்கிறது என்ற ஒரு காரணத்துக்காகவே அது போற்றத்தக்க சாதனம். அந்தத் தொலைவைக் காப்பாற்றிக்கொள்ளாமல், முகம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று அதையும் கையில் வைத்துக்கொண்டே முன்னேறிச் செல்வதுதான் தவறு.

இந்த விஷயத்தில் நமக்கு ஓர் ஆசான் வாய்த்திருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், இந்தியாவில் வனவிலங்குகளைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் வந்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் தம் மறைவு வரையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் கட்டுரை எழுதிய அவர், தமிழிலும் எழுதினார். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டி விலங்குகளை ஆராய ஜவாஹர்லால் நேரு பெல்லோஷிப் பெற்றுக் காடு காடாக அலைந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. ஒன்றின் உடம்பையும் மற்றொன்றின் லென்ஸையும் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட கனத்த காமிராவைச் சுமந்துகொண்டு, கால்நடையாகவும் வளர்ப்பு யானையின் முதுகிலேறியும் அவர் முதுமலையிலே எடுத்த யானைப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இன்றைய காமிரா தருகின்ற கூர்மை அவற்றில் இல்லை. ரோமத்தை எண்ண முடியாது. ஆனால் தாயின் வயிற்றுக்கடியிலே நிற்கின்ற குட்டியும், அதைச் சூழ்ந்து நிற்கின்ற கிழட்டுப் பெண்யானைகளும், அவற்றின் முழங்கால் வரையில் எழுந்த புல்லும், பின்னே கிளை பரப்பிய மரமும், அந்தக் கூட்டம் எந்த நிலத்தில் எந்த உறவோடு வாழ்கின்றது என்பதை நமக்குத் தெளிவாகச் சொல்லுகின்றன.

கிருஷ்ணனுக்கு இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவர் முதலில் படமெடுப்பவர் அல்லர், முதலில் பார்ப்பவர். ஒவ்வொரு மரத்தையும் புல்லையும் அறிந்து, எந்தப் பருவத்திலே எது எதைத் தின்னும் என்பதை வருஷக்கணக்கில் கவனித்து, அந்த அறிவின் முடிவிலே காமிராவைத் தூக்கியவர். அவருக்கு முன்னே, ஐக்கிய மாகாணத்துக் காடுகளிலே வன அதிகாரியாக இருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர், துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்துக்கொண்டு, புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அதன் காலே தன் படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்து, 1927-இல் அந்தப் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். எந்தத் தடத்தில் எந்த இரவில் புலி வரும் என்று தெரியாதவன் அந்தக் கம்பியைக் கட்டியிருக்க முடியாது. இருவருக்கும் பொதுவானது நிலத்தைப் பற்றிய ஞானம். காரில் போகிற நமக்கு வருஷக்கணக்கான அவகாசம் இல்லை என்பது மெய். ஆயினும் போகும் வழியை முன்கூட்டியே படித்துக்கொள்ளவும், மரத்தின் பெயர் நாலு தெரிந்துகொள்ளவும், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று யோசிக்கவும் யாருக்குத்தான் அவகாசம் இல்லை?

நெருங்கிப் போவதிலே வெறும் கலைக்குறை மட்டுமல்லாமல் பெரியதோர் அநியாயமும் இருக்கிறது. பத்திரிகைகளிலும் சுவர்ப்படங்களிலும் மிகவும் கொண்டாடப்படுகின்ற யானைப் படம் எது? இரண்டு காதுகளையும் முறம்போல விரித்து, தலையை உயர்த்தி, துதிக்கையை முன்னே நீட்டி, புழுதி பறக்கக் காமிராவை நோக்கி வருகின்ற யானை. அதைக் கம்பீரம் என்று சொல்லி நாம் வியக்கிறோம். யானையின் பாஷை அறிந்த எந்த மாவுத்தரைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்: நீட்டிய துதிக்கை உங்கள் வாசனையைப் பிடித்து ஆராய்கிறது, விரித்த காது எச்சரிக்கை, முன்னே வைத்த இரண்டடி, நீ பின்வாங்கு என்ற கட்டளை. பக்கத்திலே குட்டி இருக்கும். அல்லது தண்ணீருக்குப் போகிற வழியை உங்கள் வண்டி மறித்திருக்கும். அந்தப் படம் யானையின் சுபாவத்தைக் காட்டவில்லை. உங்களால் அதற்கு உண்டான கலவரத்தைக் காட்டுகிறது. வாலைத் தூக்கிக் காலைத் தட்டுகின்ற மானும், கூட்டின்மேல் கத்திச் சுற்றுகின்ற பறவையும் அப்படியே. செல்பேசியிலே பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டு, தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக எண்ணித் துடித்து வெளியே வருகின்ற பறவையைப் படம் பிடிக்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய வேளையைப் பொய்ப்பகைவனோடு போரிடுவதிலே அது கழிக்கிறது. படத்திலுள்ள உயிர் படமெடுத்தவரை அறியாமலோ, அறிந்தும் பொருட்படுத்தாமலோ தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்தால் அது நல்ல படம். இந்த ஒரு பரீட்சையே போதும் என்பது என் தீர்ப்பு.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி ஆசனூர் வழியாக மைசூருக்குப் போகும் சாலையிலே இன்னொரு வகைப் படம் பிரசித்தம். கரும்பு லாரியை மறித்துத் துதிக்கையால் கரும்பை இழுத்துத் தின்னும் யானை. பார்க்கிறவர்கள் மகிழ்கிறார்கள். அந்தப் படத்தின் நான்கு ஓரங்களுக்கும் வெளியே இருப்பதை அறிந்தால் மகிழ மாட்டார்கள். அளவுக்கு மேல் உயரமாகப் பாரம் ஏற்றி வருகின்ற லாரிகள் காரப்பள்ளம் சோதனைச் சாவடியிலே உயரத் தடுப்புக்கு அஞ்சி மிகையான கரும்பைச் சாலையோரத்தில் தள்ளிவிட, அந்த ருசியைக் கண்டுகொண்ட யானைகள் குட்டிகளோடு அங்கேயே காத்து நிற்கப் பழகின. காட்டிலே பல மைல் நடந்து பலவகைப் புல்லும் பட்டையும் தின்று வாழவேண்டிய பிராணி, சாலையோரத்திலே வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே நிற்கின்ற யாசகனாகிவிட்டது. தாய் கற்றதைக் குட்டி கற்கிறது. அகலமான லென்ஸோடு, சாவடியையும் லாரி வரிசையையும் சிதறிக் கிடக்கின்ற கரும்பையும் சேர்த்து ஒருவர் அதைப் படமெடுத்தால், அந்தப் படத்துக்கு உபயோகம் உண்டு. யானை முகமும் கரும்பும் மாத்திரமான படம், கொடுமை ஒன்றை வேடிக்கையாக மாற்றிவிடுகிறது. வால்பாறைச் சாலையிலும் இதே கதைதான்: ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 வளைவுகளில் ஒன்பதாவது வளைவருகே வரையாட்டைக் கண்டதும் வண்டிகள் நெரிசலிடுகின்றன, மேலே புதுத்தோட்டத்திலே, மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள், தின்பண்டத்துக்குப் பழகிச் சாலைக்கு இறங்கி வண்டியில் அடிபடுகின்றன. அவை மேலேயே கடந்து போகும்படி மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டவேண்டி வந்தது.

சாலை என்பதே காட்டுக்குக் காயம் என்பதை மறக்கலாகாது. பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் 2009-ஆம் ஆண்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடை செய்யப்பட்டதும், அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியதும், திம்பம் மலைப்பாதையிலே 2022 பிப்ரவரி முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி இரவுத் தடை நடைமுறைக்கு வந்ததும், வண்டியில் அடிபட்டு மடிந்த எண்ணற்ற உயிர்களை முன்னிட்டே. பகலிலாவது அந்த வழியை நாம் மரியாதையோடு கடந்து போக வேண்டாமா? யானை ஒன்று சாலையோரத்திலே நிற்கிறதென்றால் பெரும்பாலும் அது சாலையைக் கடக்க வேண்டி நிற்கிறது. முதல் கார் நிற்கிறது. அதன் பின்னால் ஒன்று. அதற்குப் பின்னால் ஒன்று. ஐந்து நிமிஷத்திலே வண்டிகளின் சுவர் எழும்பிவிடுகிறது. ஒருவர் கதவைத் திறந்து இறங்குகிறார். வண்டிக்குள் இருக்கின்ற மனிதனைக் காட்டு விலங்குகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வண்டியின் உருவத்துக்கு அவை பழகிவிட்டன. இரண்டு காலால் நிமிர்ந்து நிற்கின்ற உருவம் இறங்கிய கணத்திலே எல்லாம் மாறிவிடுகிறது. அங்கே நேரிட்ட துன்பங்களையும் உயிர்ச் சேதங்களையும் நாம் செய்தித்தாளிலே அடிக்கடி படிக்கிறோம். காட்டுப் பகுதிக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள் என்ற பலகைகள் வழிநெடுக இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்திலே விலங்கைச் சீண்டுவதைக் குற்றம் என்கிறது. 2022-இல் வந்த திருத்தம், உறைவிடத்துக்கோ உயிருக்கோ தீங்கு நேராமலே படமெடுக்க வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. சட்டம் போதும், மனம்தான் வேண்டும்.

நிலத்தைப் படமெடுப்பது விலங்குப் படத்துக்கு ஒரு முன்பயிற்சி மாத்திரமே என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. அது தன்னளவிலேயே பெரிய தொண்டு. கார்லெட்டன் வாட்கின்ஸ் என்பவர் 1861-இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளின் மேலேற்றிக் கொண்டுபோய் எடுத்த படங்கள், அதைக் கண்ணால் காணாத தலைவர்களின் மனத்திலே அந்தப் பள்ளத்தாக்கைப் பதித்தன. 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் அதைப் பொதுமக்களுக்கென்று பாதுகாத்தது. அந்தப் படங்களிலே கரடியும் இல்லை, மானும் இல்லை; பாறையும் நீரும் மரமுமே இருந்தன. நம் மலையிலே நம்மவர் எடுக்கின்ற நிலக்காட்சிகளைப் பாருங்கள். உதகையருகே தலைக்குந்தாவில் பைன் மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்திலே நாள்தோறும் ஆயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன. அந்தப் பைன் மரம் இந்த மலைக்கு உரியதன்று. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. யூகலிப்டஸும் சீகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வந்தவை. இந்த மலைக்கு உரியவை, பள்ளங்களிலே குட்டையாக அடர்ந்து நிற்கும் சோலையும், அவற்றின் இடையே மேடுகளில் விரிகின்ற புல்வெளியும். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைகளுக்கு ஊட்டுகின்றவை அவை. வரையாட்டுக்கு வீடு அந்தப் புல்வெளி. ஒரு பெரும்பகுதி தேயிலைக்கும் அந்நிய மரத்துக்கும் போய்விட்டது. மிஞ்சியிருப்பதைப் பார்க்க நின்று காமிராவைத் தூக்குகிறவர் அரியர்.

இதைவிட நெஞ்சை வருத்துகின்ற உதாரணம் கீழே இருக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் சாலையோரத்திலே கொத்துக் கொத்தாக மஞ்சள் பூக்களைச் சொரிந்து நிற்கின்ற மரத்தைப் பார்த்துப் பிரயாணிகள் பரவசப்படுகிறார்கள். அது சென்னா, வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது, அழகுக்கென்று கொண்டுவரப்பட்டுக் காட்டுக்குள் புகுந்து, தன் நிழலின்கீழ் புல்லும் நாட்டுச் செடியும் தழைக்க விடாமல் பரவிவிட்டது. உண்ணிச்செடியும் அவ்வாறே வந்து புதர்மண்டியது. மானும் யானையும் தின்ன முடியாத பசுமை காட்டை மூடிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டு அரசு சென்னா மரத்தை வெட்டி அப்புறப்படுத்திக் காகித ஆலைக்கு அனுப்பத் தொடங்கியிருப்பது தக்க காரியம். ஆண்டுதோறும் அதே வளைவிலே, அதே மாதத்திலே, அதே கோணத்திலே நின்று ஒருவர் படமெடுத்து வைத்துக்கொண்டே வந்தாரானால், பத்து வருஷத்திலே அந்தப் பத்துப் படங்களும் எந்த அறிக்கையைக் காட்டிலும் பிரத்தியட்சமான சாட்சியம் ஆகும். விலங்கு எதுவும் அதிலே வேண்டாம். அடிக்கடி இந்தச் சாலையிலே போகிறவர்களுக்கு, இதைக் காட்டிலும் பயனுள்ள பொழுதுபோக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இந்தக் கோடையிலே மலைக்குப் புறப்படுகின்ற நண்பர்களைக் கேட்டுக்கொள்வது இது. விடியுமுன் புறப்படுங்கள், சோதனைச் சாவடி திறக்கும் வேளைக்கு வந்து சேருங்கள். காட்டெல்லைக்குள் வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள். விலங்கு குறுக்கிட்டு நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்து, ஒலிப்பானைத் தொடாமல், உள்ளேயே இருந்து அது போகும்வரை காத்திருங்கள். படம் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் கண்ணால் பாருங்கள். விலங்கைப் படமெடுக்கவே ஆசையானால் வனத்துறை நடத்துகின்ற வண்டியிலே அனுமதியோடு போங்கள். உதகையிலிருந்து மைசூருக்கு ஓடுகின்ற அரசுப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை, காரைக் காட்டிலும் உயரமானது, புதருக்கு மேலே பார்வை போகும். உங்களுடைய ஒரு வண்டியும் சாலையிலே குறையும். கூடு, குட்டி, பாறுக் கழுகுகள் தங்குகின்ற மரம் இவற்றின் இருப்பிடத்தை யாருக்கும் தெரிவிக்காதீர்கள்; செல்பேசி தானாகவே படத்தோடு சேர்த்துப் பதிகின்ற இடக்குறிப்பை நீக்கிவிட்டே பிறருக்கு அனுப்புங்கள்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் புகைப்படப் போட்டிகளிலே தீர்ப்புச் சொல்லுகின்ற பெரியவர்களுக்கும் என் விண்ணப்பம் இதைவிட முக்கியமானது. ஏனெனில் எந்தப் படத்துக்குப் பரிசும் பிரசுரமும் கிடைக்கிறதோ அந்தப் படத்தையே நாளை ஆயிரம் பேர் எடுக்கப் போகிறார்கள். காது விரித்த யானையையும் கூட்டிலுள்ள குஞ்சையும் சாலையோரத்துக் கரும்பு யானையையும் அச்சிடுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு படத்தோடும் எந்தக் காடு, எந்த மாதம், எவ்வளவு தொலைவு, வண்டியிலிருந்து எடுத்ததா, எப்படி எடுத்தது என்ற விவரத்தைக் கேட்டு வாங்கிப் படத்தின் கீழே பிரசுரியுங்கள். அந்த விவரம் தர இயலாதவரின் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.